பத்தாவது போல்ட்

என் வீட்டுக்காரர் என்னைத் திட்டி ஒன்பது நாள் ஆகியிருந்தது. வேறு பெண்கள் என்றால் அப்பாடா என்று காலை நீட்டிப் படுத்திருப்பார்கள். நான் தூங்காமல் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

எங்கள் பட்டறையில் வேலை ஆரம்பமாவதே திட்டில்தான். பன்னிரண்டாம் நம்பர் ஸ்பேனர் கேட்பார், நான் பதினான்கை நீட்டுவேன். "எண்ணத் தெரியாதா உனக்கு? உங்கப்பா ஸ்கூலுக்கே அனுப்பலையா?" என்பார். "அனுப்பினார். உங்களுக்குக் கட்டி வைக்கிறதுக்கு முன்னாடி மூளையைத் திரும்ப வாங்கி வச்சுக்கிட்டார்" என்பேன். எதிர்க்கடை வெல்டர் இந்தச் சண்டையைக் கேட்டுத்தான் மணி எட்டு என்று தெரிந்துகொள்வார். இருபத்தாறு வருஷத்தில் பெரும்பகுதி இப்படித்தான் போனது. கல்யாணமான இரண்டாவது வருஷம் நான் பட்டறைக்குள் வந்தேன். இவர் வாய்க்கு எந்த ஆளும் நிற்கவில்லை, ஓட முடியாத ஆள் நான் ஒருத்திதான். பாகங்களைக் கழுவுவது, வால்வுகளைப் பசை போட்டுத் தேய்த்து உட்கார வைப்பது, கழற்றிய போல்ட்டுகளை வரிசை மாறாமல் வைப்பது எல்லாம் என் வேலை. இறுக்குவது மட்டும் அவர் வேலை.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் அவருடைய வலது கை நடுங்க ஆரம்பித்தது. டாக்டர் ஏதோ நீளமாகப் பெயர் சொன்னார். வாயில் நுழையாததால் நாங்கள் அதற்கு 'விருந்தாளி' என்று வைத்துக்கொண்டோம். சொல்லாமல் வந்தவன், கிளம்புகிற எண்ணமும் அவனுக்கு இல்லை. காலையில் எழுந்ததும், "விருந்தாளி முழிச்சாச்சா?" என்று கேட்பேன். "முழிச்சு, காபி கேட்டுக்கிட்டு இருக்கான்" என்பார். நாளைக்கு நான்கு மாத்திரை. போட்டால் இரண்டு மூன்று மணி நேரம் கை அடங்கி இருக்கும். நுணுக்கமான வேலையை எல்லாம் அந்த நேரத்துக்குள் முடித்துவிடுவார்.

அந்த மாத்திரைச் சீட்டு வீட்டுக்குள் வந்த நாளிலிருந்து நான் அவரைத் திட்டுவதை நிறுத்தினேன். அவர் எண்ணெயைக் கொட்டினால் "பரவால்லங்க". நட்டைக் கீழே போட்டால் "இருங்க, நான் எடுக்கிறேன்". பெரிய புண்ணியம் செய்வதாக எனக்கு நினைப்பு. ஒரு நாள் அவரே கேட்டார். "ஏன் இப்படி நர்சம்மா மாதிரி பேசுற?" சிரித்து மழுப்பிவிட்டேன்.

அப்போதுதான் டீச்சருடைய கார் வந்தது. டீச்சர் என்றால் கணக்கு டீச்சர். ஓய்வு பெற்றுப் பத்து வருஷம் ஆகிறது, இன்னும் தெருவில் போகிறவர்கள் அவரைப் பார்த்தால் பீடியை மறைக்கிறார்கள். கார் அவரைவிடக் கொஞ்சம்தான் இளையது. பச்சை உடம்பு, வெள்ளைக் கூரை, நான்கு சிலிண்டர். தண்ணீர் கசிந்தது தெரியாமல் ஓட்டி, சூடேறி, இன்ஜினின் உடம்பான பிளாக்கை மூடுகிற ஹெட் வளைந்து, இரண்டுக்கும் நடுவில் வைக்கிற கேஸ்கெட் தகடு வெந்துபோய் வந்து சேர்ந்தது.

"உங்க கையைப் பத்தி நாலு பேர் நாலு விதமா சொல்றாங்க தம்பி" என்றார் டீச்சர், நேராக அவர் முகத்தைப் பார்த்து. "எனக்கு அதெல்லாம் தெரிய வேண்டாம். இந்த இன்ஜின் சத்தத்தை வச்சே என்ன கோளாறுன்னு சொன்ன ஆளு நீங்க ஒருத்தர்தான். நீங்களே பண்ணுங்க. ஒண்ணு மட்டும் ஞாபகம் வச்சுக்கோங்க. வேற பிளாக் கிடையாது. நான் தேடாத இடமில்ல."

இவர் இரண்டு நாள் விசிலடித்துக்கொண்டே திரிந்தார். இன்ஜினைக் கழற்றி ஸ்டாண்டில் ஏற்றினார். ஹெட்டை லேத் அண்ணனிடம் கொடுத்து மட்டமாகச் சீவி வாங்கினார். லேத் அண்ணன் என்பது தெருக்கோடியில் லேத் பட்டறை வைத்திருப்பவர். எனக்குக் கூடப்பிறந்த அண்ணன் இல்லை, அந்தக் குறையைத் தீர்க்க வந்தவர். நான் எட்டு வால்வையும் தேய்த்தேன். பிளாக்கை சோப்புத் தண்ணீர் விட்டுத் தேய்த்துக் கழுவினேன்.

இந்த இடத்தில் எங்கள் பட்டறையின் ஒரு சட்டத்தைச் சொல்ல வேண்டும். ஹெட்டை பிளாக்கோடு சேர்த்துப் பிடிப்பது பத்து போல்ட். அவை இறங்குவதற்கு பிளாக்கில் பத்து ஓட்டை, அடி மூடிய ஓட்டைகள். கழுவும்போது தண்ணீர் அதில் இறங்கித் தங்கிவிடும். அதன் மேல் போல்ட்டை முறுக்கினால் தண்ணீருக்குப் போக வழியில்லை, நசுங்கவும் செய்யாது. இறுக்க இறுக்க அது இரும்பையே பிளந்துவிடும். அதனால் ஒவ்வொரு ஓட்டையிலும் ஏர் கன்னை வைத்து ஊதி, கம்பியில் துணி சுற்றி உள்ளே விட்டு, துணி காய்ந்து வருகிறதா என்று பார்க்க வேண்டும். பார்த்தபின், போல்ட்டுகளை வரிசையாகக் குத்தி வைத்திருக்கிற அட்டையில், அந்தந்த போல்ட்டுக்குப் பக்கத்தில் சாக்பீஸால் ஒரு டிக். ஊதுவது நான், டிக் போடுவதும் நான். டிக் போட்ட ஓட்டையை இன்னொருவர் திரும்பச் சோதிப்பது கிடையாது. "டிக்கைச் சோதிச்சா ஆளைச் சந்தேகப்பட்ட மாதிரி" என்பார். இருபத்தாறு வருஷத்தில் அவர் ஒரு முறைகூட என் டிக்கைச் சந்தேகப்பட்டதில்லை. வாயால் எவ்வளவு திட்டினாலும் அவர் எனக்குக் கொடுத்த மரியாதை அதுதான்.

அன்று காலை நான் ஊதிக்கொண்டிருந்தேன். ஒன்பது ஓட்டை முடிந்தது. பின்னால் டம்ளர் விழுந்து உருளுகிற சத்தம். திரும்பினேன். அவர் சுவரோரம் நின்றிருந்தார். சட்டையெல்லாம் டீ. மாத்திரை இன்னும் வேலை செய்ய ஆரம்பிக்கவில்லை. டம்ளர் காலடியில் கிடந்தது. அதை எடுக்கக் குனிந்தால் கை எங்கே போகும் என்று அவருக்கே நிச்சயமில்லாமல், குனியவும் முடியாமல் நிமிரவும் முடியாமல் நின்றார். நான் ஓடிப்போய் எடுத்தேன். சட்டையைத் துடைத்தேன். "பரவால்லங்க" என்றேன். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அந்த முகத்தையே நினைத்துக்கொண்டு பிளாக்குக்குத் திரும்பி வந்தவள், அட்டையை எடுத்துப் பத்து டிக்கையும் வரிசையாகப் போட்டேன்.

பத்தாவதை ஊதவில்லை.

ஒரு மணி நேரம் கழித்துக் கை அடங்கியது. கேஸ்கெட் வைத்து, ஹெட்டை ஏற்றினோம். நடுவிலிருந்து வெளியே, மூன்று சுற்றாக இறுக்க வேண்டும். அவரிடம் அதற்கென்று ஒரு டார்க் ரெஞ்ச், பிடியில் எண்ணைத் திருகி வைத்தால் அந்த அளவு இறுகியதும் 'க்ளிக்' என்று சொல்லும். முதல் சுற்று. இரண்டாம் சுற்று. மூன்றாவது சுற்றில் ஒன்பது க்ளிக் கேட்டேன். பத்தாவதுக்கு க்ளிக் வரவில்லை. கண்ணாடி வளையல் உடைவதுபோல ஒரு சின்னச் சத்தம்தான் வந்தது.

அவ்வளவுதான். பிளாக்கின் மூலையில், போல்ட் ஓட்டைக்கு நேர் வெளியே, தலைமுடி கனத்தில் ஒரு கோடு. விரல் நீளம். அந்தக் கோட்டில் ஈரம் மினுங்கியது.

அவர் சத்தம் போடவில்லை. வேலை முடிந்தால் ரெஞ்ச்சைப் பூஜ்யத்துக்குத் திருப்பி வைப்பது அவர் பழக்கம். கை தானாகத் திருப்பியது. பாதியில்தான் அவருக்கு உறைத்தது. எந்த அளவில் வைத்து இறுக்கினோம் என்று பார்க்க இனி வழியில்லை. ரெஞ்ச்சை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"தப்பா வச்சிட்டேன் போல. கை ஆடி, நம்பர் மாறியிருக்கு."

"இருக்காதுங்க..."

"என் கைதான்" என்றார். ரெஞ்ச்சைப் பெட்டியில் வைத்து மூடிவிட்டு வெளியே போனார்.

நான் பத்தாவது போல்ட்டைக் கழற்றினேன். திருகு மரையில் பூசியிருந்த எண்ணெய் பால்போல வெளுத்திருந்தது. தண்ணீர் கலந்தால்தான் எண்ணெய் அப்படி ஆகும். அட்டையைப் பார்த்தேன், என் டிக். அவரைக் கூப்பிடத்தான் வாயைத் திறந்தேன். கூப்பிடவில்லை. கழிவுத் துணியால் போல்ட்டைத் துடைத்தேன், ஓட்டையையும் துடைத்தேன், துணியைக் குப்பைப் பீப்பாயில் மற்ற துணிகளுக்கு அடியில் திணித்தேன்.

ஏன் என்று கேட்டால், முதல் ஒரு மணி நேரம் பயம். அதற்குப் பிறகு வந்தது பயம் இல்லை, அதைச் சொல்ல இப்போதும் நாக்கு கூசுகிறது. நிம்மதி. போன மழைக்காலத்தில் பாரம் தூக்கும் சங்கிலியை இவர் நழுவவிட்டு, கியர் பாக்ஸ் இவர் பாதத்துக்கு ஒரு சாண் தள்ளி விழுந்தது. அன்றிலிருந்து 'போதும், நிறுத்துங்க' என்று சொல்ல நினைத்து, தைரியம் வராமல் மென்று முழுங்கிக்கொண்டிருந்தேன். இப்போது அந்த போல்ட்டே எனக்காகச் சொல்லிவிட்டது. இனி அவர் வீட்டில் பத்திரமாக உட்காருவார், நான் நிம்மதியாகத் தூங்குவேன் என்று கணக்குப் போட்டேன். என்னைப்போல ஒரு கேடு கெட்டவள் அந்தத் தெருவில் இருந்திருக்க மாட்டாள்.

மறுநாள் டீச்சர் வந்தார். இவர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, பாடம் ஒப்பிக்க நிற்பவர்போல அவர் முன்னால் நின்றார்.

"என் கைதான் உடைச்சது டீச்சர். வேற யாரும் காரணமில்ல. லேத் அண்ணன் விரிசலைத் தச்சுக் கொடுப்பார். வேற ஆளை வச்சு ஏத்திக்கோங்க. நான் இனிமே ரெஞ்ச் தொடுறதா இல்ல."

டீச்சர் பிளாக்கையே வெகுநேரம் பார்த்தார். அவர் கோபப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "நான் வேற ஆள்கிட்ட கொடுக்கல தம்பி, உங்ககிட்டதான் கொடுத்தேன்" என்று மட்டும் சொல்லிவிட்டு, குடையை விரித்துக்கொண்டு போய்விட்டார். நான் பக்கத்திலேயே நின்றிருந்தேன். என் வாயில் கொழுக்கட்டை.

அதிலிருந்து அவர் பேசுவது நின்றது. காலையில் பட்டறைக்கு வருவார், ஷட்டரைப் பாதி தூக்குவார், முக்காலியில் உட்காருவார். இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொள்வார். நடுக்கம் முன்னைவிட அதிகமாகி, முக்காலியின் கால் தரையில் டக டகவென்று அடிக்கும். சாப்பாட்டில் இரண்டு வாய்க்கு மேல் இறங்குவதில்லை. மூன்றாம் நாள், வேண்டுமென்றே பன்னிரண்டுக்குப் பதில் பதினான்கை அவர் மடியில் வைத்தேன். எடுத்து ஓரமாக வைத்தார். ஐந்தாம் நாள், அவர் உயிராக வைத்திருந்த ஸ்க்ரூ டிரைவர்களை எல்லாம் தரையில் தூக்கிப் போட்டு உடைப்பதுபோலச் சத்தம் எழுப்பினேன். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஏழாம் நாள், இடது கையால் கோணல் மாணலாக எழுதி ஒவ்வொரு கருவிப் பெட்டி மேலும் ஒட்டிக்கொண்டிருந்தார். கிட்டப் போய்ப் பார்த்தேன். 'வெல்டருக்கு'. 'லேத்துக்கு'. எது எது யாருக்கு என்று பிரிக்கிறார். உயிர் போகிறவர்கள் செய்கிற வேலை அது.

ஒன்பதாம் நாள் காலையில், போல்ட் தலையில் மாட்டித் திருகுகிற சாக்கெட்டுகள் இருக்கும் பெட்டியைத் துடைக்க எடுத்தேன். சின்னதிலிருந்து பெரியதுவரை வரிசையாக அடுக்கியிருக்கும். மூடியைத் திறந்தால் ஒவ்வொரு சாக்கெட் குழிக்குள்ளும் ஒரு மாத்திரை. பெரியவற்றில் இரண்டு மூன்று. வேளா வேளைக்கு நான் கையில் வைத்த மாத்திரைகள். வாயில் போட்டுத் தண்ணீர் குடிப்பதாக என் கண் முன்னால் நடித்துவிட்டு, இங்கே கொண்டுவந்து அளவு பார்த்து அடுக்கியிருக்கிறார். நடுக்கம் ஏன் அதிகமானது என்று அப்போதுதான் புரிந்தது. கையோடு சேர்த்து ஆளே போகட்டும் என்று விட்டுவிட்டார். பெட்டியை மூடக்கூட முடியாமல் அப்படியே தரையில் உட்கார்ந்தேன். இவரைப் பத்திரமாக உட்கார வைக்கத்தானே வாயை மூடிக்கொண்டிருந்தேன்!

லேத் அண்ணன் பிளாக்கை எடுத்துப்போக வந்தது அந்த நேரத்தில்தான். இவர் வெளியே முக்காலியில், நாங்கள் உள்ளே. அண்ணன் மூக்குக் கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கி, டார்ச் அடித்து, விரிசலை விரலால் மேலிருந்து கீழே தடவினார். அப்புறம் கீழிருந்து மேலே. மறுபடியும் கீழே.

"அதிகமா இறுக்கினா மரை பிஞ்சு வரும், இல்ல போல்ட் அறுந்து போகும்" என்றார் மெதுவாக. "இது அடியில ஆரம்பிச்சு வெளியே வந்திருக்கு. உள்ள தண்ணி இருந்திருக்கும்மா." டார்ச்சை அணைத்தார். "ஊதினது யாரு?"

எங்கள் பட்டறையில் யார் ஊதுவார்கள் என்று அவருக்குத் தெரியாதா?

"அண்ணே, அவர்கிட்ட சொல்லிடாதீங்க" என்று அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். "இல்லண்ணே, சொல்லுங்க. நீங்களே சொல்லிடுங்க. வார்ப்புலயே பழுது இருந்துச்சுன்னு சொல்லுங்க. யார் தப்பும் இல்லன்னு சொல்லுங்க."

"நான் அப்படிச் சொன்னா ஒரு தடவை விரலால தடவிப் பாப்பான், கண்டுபிடிச்சிடுவான். இன்னும் ஏன் அவன் தடவிப் பாக்கலன்னுதான் எனக்கு ஆச்சரியமா இருக்கு." கண்ணாடியை மறுபடி நெற்றிக்கு ஏற்றினார். "பிளாக்கை நான் தச்சிடுவேன். கொஞ்ச நாளாகும், ஆனா நிக்கும். மத்ததை நீ பாத்துக்க, தங்கச்சி. நான் சொன்னா அது கோள் சொன்ன மாதிரி ஆயிடும்."

பிளாக் அவர் வண்டியில் ஏறிப் போனது. காலி ஸ்டாண்ட் மட்டும் நின்றது. நான் சாக்கெட் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்து அவர் காலடியில் உட்கார்ந்தேன்.

"என்னங்க. பத்தாவது ஓட்டையை நான் ஊதல."

முக்காலியின் டக டக ஒரு நொடி நின்று மறுபடி ஆரம்பித்தது. "டிக் இருந்துச்சே" என்றார். ஒன்பது நாளில் அவர் என்னிடம் பேசிய முதல் வார்த்தை.

"ஊதாமலே போட்டேன். போல்ட்டைக் கழட்டிப் பாத்தேன், எண்ணெய் வெளுத்திருந்துச்சு. துடைச்சு மறைச்சிட்டேன். உங்க கை இல்லங்க. நீங்க சரியாத்தான் இறுக்கினீங்க. நான்தான் உடைச்சேன்."

"ஏன் ஊதல?"

கோபத்துக்குத் தயாராக இருந்தேன், இந்தக் கேள்விக்குத் தயாராக இல்லை. உண்மையைச் சொன்னால் சுற்றி வளைத்து மறுபடி அவர் கைக்கே போய் நிற்கும். அதைக் காப்பாற்றத்தானே வந்திருக்கிறேன்!

"போன் வந்துச்சு" என்றேன். "மக பேசினா. பேசிக்கிட்டே டிக் போட்டுட்டேன்."

அவர் எழுந்தார். முக்காலி பின்னால் சரிந்தது.

"போனா? பிளாக் திறந்து கிடக்கறப்போ உனக்குப் போன் கேக்குதா? இனி உலகத்துல எவனாவது அந்த பிளாக்கை வார்ப்பானா? இருபத்தாறு வருஷமா எருமைக்கா வேலை சொல்லிக் கொடுத்தேன் நான்? பத்து வரைக்கும் எண்ண முடியல! அதையும் மறைச்சு வச்சுக்கிட்டு, ஒன்பது நாளு, ஒன்பது நாளு என்னை இப்படி உக்கார வச்சு வேடிக்கை பாத்திருக்க!"

எதிர்க்கடை வெல்டர் கண்ணாடியைத் தூக்கிக்கொண்டு எட்டிப் பார்த்தார். தெருவே பார்த்தது. என் கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது. அத்தனையும் சந்தோஷம். திட்டுங்க, இன்னும் திட்டுங்க என்று உள்ளுக்குள் கெஞ்சிக்கொண்டிருந்தேன்.

நடுவில் நிறுத்திவிட்டார். என் முகத்தை உற்றுப் பார்த்தார்.

"மக காலையில போன் பண்ண மாட்டா. அவளுக்கு ஆபீஸ்."

நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"டம்ளர்" என்றார். குரல் அடங்கிப்போயிருந்தது. "அந்த டம்ளர் விழுந்துச்சு. எடுக்க முடியாம நின்னேன். நீ வந்து எடுத்த. அப்புறம் போயி டிக் போட்ட. அதானே?"

"இல்லங்க..."

"பொய் சொல்லாத." வலது கையைத் தூக்கி எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் பிடித்தார். அது தன் இஷ்டத்துக்கு ஆடியது. "எங்க சுத்தினாலும் கடைசியில இங்கதான் வந்து நிக்குது."

எனக்கு வேறு வழி தெரியவில்லை. "ஆமா" என்று கத்தினேன். "உங்க கையைத்தான் நினைச்சுக்கிட்டு இருந்தேன். ராத்திரி பகல் அதைத்தான் நினைக்கிறேன். அதுக்காக என்னைக் கொன்னுடுங்க. ஆனா இதை முழுங்குங்க." சாக்கெட் பெட்டியைத் திறந்து நீட்டினேன்.

அவர் மாத்திரைகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார். கவிழ்ந்த முக்காலியை நிமிர்த்தி உட்கார்ந்தார்.

"உன் வாய் எங்கடி போச்சு?" என்றார். "எண்ணெய் கொட்டினா பரவால்ல. நட்டு தொலைஞ்சா பரவால்ல. ரெண்டு வருஷமா பரவால்ல, பரவால்ல. விருந்தாளி வந்து என் கையை எடுத்துக்கிட்டான், சரி. நீ என்னை ஆளாவே மதிக்கிறதை விட்டுட்ட. பாவப்பட ஆரம்பிச்சுட்ட. பிளாக் உடைஞ்ச அன்னைக்கும் பரவால்லன்னுதான் உன் மூஞ்சியில எழுதியிருந்துச்சு. அப்போ முடிவு பண்ணினேன், நான் முடிஞ்சுபோன ஆளுன்னு."

பத்தாம் நம்பர் சாக்கெட்டைக் கவிழ்த்து மாத்திரையை அவர் உள்ளங்கையில் போட்டேன். அது துள்ளியது. இடது கையால் வலது மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு வாயில் போட்டார். வாயைத் திறந்து காட்டச் சொன்னேன். முறைத்தார், ஆனால் காட்டினார்.

"பிளாக் வரட்டும். ரெஞ்ச் நீ பிடி. நான் ஊதுறேன்" என்றார்.

பிளாக் வர இருபது நாள் ஆனது. விரிசல் நெடுகச் சின்னச் சின்ன இரும்புத் திருகுகளை ஒன்றையொன்று கடித்து நிற்கிற மாதிரி இறக்கி, தேய்த்து மட்டமாக்கியிருந்தார் லேத் அண்ணன். பத்தாவது ஓட்டைக்குப் புது மரை போட்டிருந்தார். "ஒரு தடவை தைக்கலாம். ரெண்டாவது தடவை கேக்காதீங்க, தைக்கறதுக்கு இரும்பு மிச்சமில்ல" என்றார். டீச்சருக்கு நானே போய் உண்மையைச் சொல்லியிருந்தேன். அவர் என்னை நாற்காலியில் உட்காரச் சொல்லிவிட்டு, முழுவதும் கேட்டுவிட்டு, "ஏத்துற அன்னைக்குச் சொல்லுங்கம்மா, வரேன்" என்றார். வந்தார். ஷட்டர் ஓரம் நாற்காலி போட்டு, குடையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

மாத்திரை போட்டும் அன்றைக்கு விருந்தாளி சரியாக அடங்கவில்லை. டீச்சர் பார்க்கிறார் என்கிற பதற்றம். நான் பிளாக்கைக் கழுவிக் கொடுத்தேன். அவர் ஏர் கன்னை இரண்டு கையாலும் பிடித்து ஊதினார். முனை ஓட்டையிலிருந்து நழுவும், மறுபடி வைப்பார், மறுபடி நழுவும். கம்பியை விட்டுப் பார்த்தார். அட்டையில் டிக் போட்டார். புழு நெளிந்த மாதிரி பத்து டிக். "ம், வை" என்றார் என்னிடம்.

புது கேஸ்கெட்டை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு பிளாக்குக்கு முன்னால் நின்றேன். இதை வைத்தால் அடுத்தது ஹெட், அதற்கடுத்தது போல்ட். பத்தாவது ஓட்டை என்னையே பார்த்தது. கம்பியை எடுத்து அதில் விட்டால் அவரைச் சந்தேகப்பட்டதாக ஆகும், அதுவும் டீச்சர் முன்னால். மறுபடி அந்த முக்காலிக்குப் போய்விட்டால் நான் எதைச் சொல்லி எழுப்புவேன்? விடாமல் போனால், ஒருவேளை ஈரம் இருந்தால், தைக்க இரும்பு இல்லை. அவர் போட்ட டிக்கில் உடைந்தால் அன்றோடு அவர் கதை முடிந்தது. இப்படியும் போக முடியவில்லை, அப்படியும் போக முடியவில்லை.

"என்ன?" என்றார்.

கேஸ்கெட்டைக் கீழே வைத்தேன். கம்பியை எடுத்து, புதுத் துணி சுற்றி, பத்தாவது ஓட்டையில் நேராக இறக்கினேன். அடிவரை திருகி வெளியே எடுத்தேன்.

துணி நனைந்திருந்தது.

அவர் துணியைப் பார்த்தார். முகம் அந்த டம்ளர் விழுந்த நாள் மாதிரியே ஆனது. கை தொடைப் பக்கமாக நகர்ந்து மறைய இடம் தேடியது. என் நாக்கு நுனியில் அந்த வார்த்தை தயாராக வந்து நின்றது. 'பரவால்லங்க.' அதைக் கடித்துத் துப்பினேன்.

"கண்ணு எங்க இருந்துச்சு உங்களுக்கு?" என்று கத்தினேன். என் குரல் எனக்கே அடையாளம் தெரியவில்லை. "டிக் போட மட்டும் சாக்பீஸ் கண்ணுக்குத் தெரியுதா? கை ஆடுதுன்னா ரெண்டு தடவை ஊதுங்க! அப்பவும் ஆடினா பத்து தடவை ஊதுங்க, இங்க யாரு உங்களை ரயிலுக்கு விரட்டுறாங்க? எனக்கு எண்ணத் தெரியாதுன்னு ஊரைக் கூட்டினீங்களே, உங்களுக்கு ஈரத்துணிக்கும் காஞ்ச துணிக்கும் வித்தியாசம் தெரியலையா? இன்னொரு தடவை இந்த பிளாக் உடைஞ்சா உங்களையும் சேர்த்து பழைய இரும்புக்குப் போட்டுடுவேன், ஆமா!"

வெல்டர் கடையில் சத்தம் நின்றது. தெருவில் ஒருவர் சைக்கிளிலிருந்து இறங்கினார். தப்புச் செய்துவிட்டேனா என்று நினைத்து என் உயிர் பாதி போனது.

அவர் கம்பியை என் கையிலிருந்து வாங்கித் துணியைத் தொட்டுப் பார்த்தார். பிறகு டீச்சர் பக்கம் திரும்பினார்.

"பாருங்க டீச்சர். பன்னெண்டுக்கும் பதினாலுக்கும் வித்தியாசம் தெரியாதவ என்னைத் திட்டுறா."

"அவங்க சொன்னதுல தப்பு ஒண்ணும் இல்லயே தம்பி" என்றார் டீச்சர்.

அவர் பத்தாவது டிக்கைக் கட்டைவிரலால் அழித்தார். ஏர் கன்னை எடுத்தார். நான் உதவிக்குக் கை நீட்டவில்லை. நழுவியது, திரும்ப வைத்தார், ஊதினார், மறுபடி ஊதினார். "துணி புதுசா சுத்தி வைக்கத் தெரியாதா, அதையும் நானே செய்யணுமா?" என்றார். சுற்றிக் கொடுத்தேன். காய்ந்து வந்தது. அவர் ஒரு டிக் போட்டார், அதன் பக்கத்தில் நான் ஒரு டிக் போட்டேன், அவர் ஒன்றும் சொல்லவில்லை.

அப்புறம் ரெஞ்ச்சைக் கையில் எடுத்தேன். பிடி தப்பு என்றார், நிற்கிற விதம் தப்பு என்றார், இழுக்கும்போது மூச்சை ஏன் பிடிக்கிறாய் என்றார். பத்தாவது க்ளிக் கேட்கும்வரை அவர் வாய் ஓயவே இல்லை.